சேஜ்பிரஷ் கிளர்ச்சியும் டீன் ரோட்ஸும்: ஒரு மாட்டுப் பண்ணையாளரின் சட்டமன்ற வாழ்க்கை

1979-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் நெவாடா மாநில ஆளுநர் ராபர்ட் லிஸ்ட் ‘கீழவை மசோதா 413’ என்ற சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.) மாநில எல்லைக்குள் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகம் நிர்வகித்துவந்த ஏறத்தாழ 4.9 கோடி ஏக்கர் பொதுநிலம் இனி நெவாடாவின் உடைமை என்று அந்தச் சட்டம் அறிவித்தது. மாநிலத்தின் மொத்தப் பரப்பில் இது மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகம். வாஷிங்டனின் நிலத்தை ஒரு மாநிலச் சட்டமன்றம் தானே வாக்கெடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது, சட்டமறிந்தவர் பலரும் முடியாது என்றே சொன்னார்கள். ஆனாலும் மசோதா பெரும் ஆதரவோடு நிறைவேறியது. அண்டை மாநிலங்கள் சில அதைப் பின்பற்றின. அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ரொனால்ட் ரேகன் தம்மையும் அந்தக் கிளர்ச்சிக்காரர்களுள் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும்படி மேடையிலேயே சொன்னார். வறண்ட மேற்குச் சமவெளிகளை மூடிக் கிடக்கும் சாம்பல் பச்சைப் புதரின் பெயரால் அது ‘சேஜ்பிரஷ் கிளர்ச்சி’ என்று அழைக்கப்பட்டது. மசோதாவைக் கொண்டுவந்தவர் டீன் ரோட்ஸ். எல்கோ மாவட்டத்தின் டஸ்கரோரா என்ற பழைய சுரங்க ஊரருகே மாடு வளர்த்தவர், குடியரசுக் கட்சிக்காரர்.

ரோட்ஸ் 1976 தேர்தலில் கீழவைக்குத் தேர்வாகி 1982 வரை அங்கே இருந்தார். பிறகு 1984-இல் மேலவைக்குத் தேர்வாகி 2012 வரை நீடித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்தப் பொதுவாழ்வில் வெளியுலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரே மசோதாவைத்தான். அதனாலேயே அவரைப் பற்றிய சித்திரம் கோணலாகிவிட்டது என்று நினைக்கிறேன். அவரை வாஷிங்டனை எதிர்த்த கலகக்காரர் என்பார்கள். அவர் பேசியதோ கூட்டாட்சி நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றுப் பிழைக்கும் ஒரு சிறு தொழிற்கூட்டத்துக்காக. குத்தகைதாரர் நிலக்கிழாரோடு மோதுவதும் பேரம் பேசுவதும் உண்டு. ஆனால் நிலம் வேறொரு கைக்கு மாறுவதை அவர் உண்மையில் விரும்புவாரா என்பது தனிக் கேள்வி. ரோட்ஸின் அரசியல் வாழ்க்கையை விளக்கும் திறவுகோல் இந்தக் கேள்விதான். அதற்கு முதலில் அந்த ஊர்ப் பண்ணை எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நெவாடா அமெரிக்காவிலேயே மழை மிகக் குறைந்த மாநிலம். குடியேறிகளுக்கு 160 ஏக்கர் இலவசமாகக் கொடுத்த 1862-ஆம் ஆண்டுச் சட்டம், மழை பெய்யும் இல்லினாயிலும் அயோவாவிலும் ஒரு குடும்பத்தை வாழவைத்தது. நெவாடாவில் அதே 160 ஏக்கர் சில மாடுகளுக்குக்கூடப் போதாது. எனவே வந்தவர்கள் ஆற்றோரத்தையும் ஊற்றுக்கண்களையும் மட்டும் சட்டப்படி வாங்கிக்கொண்டு, சுற்றியிருந்த எல்லையற்ற மேட்டுநிலத்தை யாருடையதும் அல்லாத மேய்ச்சலாகப் பயன்படுத்தினார்கள். தண்ணீர் யாரிடமோ, மேய்ச்சலும் அவரிடமே. 1889–90 குளிர்காலம் அவர்களுக்கு இன்னொரு பாடம் கற்பித்தது. அந்த ஆண்டு பனி விலகாமல் கிடந்ததால் வடகிழக்கு நெவாடாவின் மாடுகள் தீவனமின்றிக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அதன் பிறகு ஆற்றோரச் சொந்த நிலத்தில் கோடையில் புல் வளர்த்து, அறுத்துக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பது கட்டாயமாயிற்று. அந்தப் புல் வளரும் மாதங்களில் மாடுகள் பொதுநிலத்தில் மேய்ந்தாக வேண்டும். சொந்த நிலமும் பொதுநிலமும் சேர்ந்தால்தான் ஒரு பண்ணை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது. இந்த அமைப்பு இன்றும் மாறவில்லை.

1934-இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம் இந்தப் பழக்கத்தை உரிமமாக மாற்றியது. அருகில் சொந்த நிலமோ நீருரிமையோ வைத்திருப்பவருக்குக் குறிப்பிட்ட மேய்ச்சல் பகுதியில் முன்னுரிமை. பெரும்பாலும் பத்து ஆண்டு உரிமம். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதை ஓர் அலகாகக் கொண்டு கட்டணம். ஐந்து ஆடுகளும் அதே ஓர் அலகு. சொந்த நிலம் இல்லாமல் ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு மாநிலம் முழுதும் அலைந்த இடையர்கள், அவர்களில் பலர் ஐரோப்பாவின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்தவர்கள், இந்தச் சட்டத்தால் வெளியே தள்ளப்பட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கோ அது பெரிய சொத்தானது. உரிமம் சலுகைதானே தவிர உடைமையல்ல என்று சட்டம் தெளிவாகச் சொன்னாலும், பண்ணை கைமாறும்போது அதன் விலையில் உரிமத்தின் மதிப்பும் சேர்ந்தே பேசப்பட்டது. வங்கிகள் கடன் தரும்போதும் எத்தனை மாடு மேய உரிமம் இருக்கிறது என்று பார்த்தன. ஆகவே வாஷிங்டனில் ஓர் அதிகாரி மேய்ச்சல் அளவைக் கால்பங்கு குறைத்தால், எல்கோவில் ஒரு குடும்பத்தின் சொத்தும் கடன் வாங்கும் தகுதியும் சேர்ந்து சரிந்தன. காசு கொடுத்து வாங்கிய ஒன்று காகிதத்தில் மட்டும் தன்னுடையது அல்ல என்ற நிலையில் வாழ்வோருக்கு, தேர்தல் அரசியல் என்பது விருப்பத் துறையாக இருக்க முடியாது.

இந்த வழியில் ரோட்ஸுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ட்ரக்கி ஆற்றங்கரை ஆட்டுப் பண்ணையில் வளர்ந்து, 1903-இல் நெவாடா சட்டமன்றத்தில் நுழைந்து, பின்னர் மாநிலத் தலைமை நீதிபதியாகி, 1933 முதல் 1954-இல் இறக்கும்வரை அமெரிக்க செனட்டில் இருந்த பேட் மெக்காரன்தான் அவர். டெய்லர் சட்டத்தை நடத்த உருவான மேய்ச்சல் துறை, கட்டணத்தை உயர்த்த முற்பட்டபோது, 1940-களில் மெக்காரன் மேற்கு மாநிலங்கள் முழுவதும் விசாரணைக் கூட்டங்கள் நடத்தி அந்தத் துறையின் நிதியையும் செல்வாக்கையும் வற்றவைத்தார். 1946-இல் அது பொது நில அலுவலகத்தோடு இணைக்கப்பட்டு, நில மேலாண்மைப் பணியகம் பிறந்தது. பலவீனமாகவே பிறந்த குழந்தை அது. அடுத்த கால் நூற்றாண்டு அந்தப் பணியகம் பண்ணையாளர்களின் சொல்லைத் தட்டாமல் நடந்தது என்று சூழலியலாளர்கள் குறைகூறினார்கள். அந்தக் குறை பெருமளவு உண்மை. மாவட்ட ஆலோசனைக் குழுக்களில் உரிமம் பெற்ற பண்ணையாளர்களே அமர்ந்து, யார் எவ்வளவு மேய்க்கலாம் என்று சொன்னார்கள்.

1970-களில் அந்த உறவு முறிந்தது. ரோட்ஸ் அரசியலுக்கு வந்த நேரம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1971-இல் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் பாதுகாக்கும் சட்டம் வந்தது. நாட்டிலுள்ள காட்டுக் குதிரைகளில் பாதியளவு நெவாடாவில்தான் இருந்தன, அவையும் மாடுகள் மேயும் அதே புல்லையே மேய்ந்தன. 1974-இல் இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில் என்ற சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், நாடு முழுமைக்கும் ஒரே பொது அறிக்கை போதாது, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே மேய்ச்சலின் சூழல் தாக்கத்தை ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வுகள் தொடங்கியதும் பல இடங்களில் புல்வெளி நலிந்திருப்பதும் மேய்ச்சல் அளவு மிகுந்திருப்பதும் வெளிப்பட்டன. குறைப்பு உத்தரவுகள் வரப்போகின்றன என்பது எல்லாருக்கும் புரிந்தது. 1976-இல் நிறைவேறிய கூட்டாட்சி நிலக் கொள்கை மற்றும் மேலாண்மைச் சட்டம் கடைசி ஆணியை அடித்தது. பொதுநிலங்கள் என்றோ ஒரு நாள் தனியாருக்கோ மாநிலங்களுக்கோ பிரித்துக் கொடுக்கப்படும் என்ற நூறாண்டு எதிர்பார்ப்பை அது முடித்துவைத்து, பொதுவாக அவை கூட்டாட்சி அரசிடமே நிலைத்திருக்கும் என்று கொள்கையாக அறிவித்தது. அதே ஆண்டு நியூ மெக்சிகோவின் காட்டுக் கழுதைகள் தொடர்பான வழக்கில், பொதுநிலம் பற்றிய நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை என்னும் அளவுக்கு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

அந்த ஆண்டின் நவம்பரில்தான் ரோட்ஸ் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ஆனால் அவர் அரசியலைச் சட்டமன்றத்தில் தொடங்கியவர் அல்லர். பொதுநில மேய்ச்சல்காரர்களின் தேசிய அமைப்பான பப்ளிக் லேண்ட்ஸ் கவுன்சிலில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். வாஷிங்டன் வழக்குரைஞர்களையும் நாடாளுமன்றக் குழு அறைகளையும் அறிந்தவர். அந்தத் தரப்பு விரும்பியவற்றில் முக்கியமான ஒன்று 1978-இல் கிடைத்தது. அவ்வாண்டின் பொது மேய்ச்சல் நில மேம்பாட்டுச் சட்டம், மேய்ச்சல் கட்டணத்தைச் சந்தை ஏலத்துக்கு விடாமல், மாட்டிறைச்சி விலை, உற்பத்திச் செலவு, தனியார் மேய்ச்சல் வாடகை ஆகியவற்றின் போக்கோடு ஒரு சூத்திரத்தால் கட்டிவைத்தது. ஓர் ஆண்டில் 25 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் ஏறவோ இறங்கவோ கூடாது என்றும் விதித்தது. கூட்டாட்சிச் சட்டத்தின் வழியே தம் நலனைக் காக்கத் தெரிந்த கூட்டம், அடுத்த ஆண்டே அந்தக் கூட்டாட்சி நிலத்தை மாநிலத்துக்கு எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இரண்டாவதன் நோக்கம் விளங்கும்.

நெவாடா சட்டமன்றத்தின் அமைப்பும் இக்கதையில் ஒரு பாத்திரம். அது முழுநேர மன்றம் அல்ல. ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஆண்டின் முற்பகுதியில் சில மாதங்கள் கார்சன் நகரில் கூடும். உறுப்பினர் ஊதியத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதால், வேறு தொழில் உள்ளவர்களே வருவார்கள். அதனால் பண்ணையாளருக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. ஆனால் கூட்டத்தொடர் நடக்கும் அதே மாதங்கள்தான் பசுக்கள் கன்று ஈனும் பருவமும், கன்றுகளுக்குச் சூடு போடும் பருவமும். எல்கோவிலிருந்து கார்சன் நகரம் 300 மைலுக்கும் அப்பால் இருக்கிறது. டஸ்கரோரா அதற்கும் மேல் ஐம்பது மைல். வீட்டில் பண்ணையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லாத பண்ணையாளர் சட்டமன்றத்தில் பத்தாண்டுகூட நீடிக்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஒருவர் நீடித்தார் என்பதில் அவருடைய குடும்பத்தின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.

இடம் கிடைத்தாலும் எண்ணிக்கை அவர்கள் பக்கம் இல்லை. ஒரு காலத்தில் நெவாடாவின் மேலவையில் 17 மாவட்டங்களுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். ஆயிரம் பேர் வாழும் மாவட்டமும் லாஸ் வேகஸ் நகரைக் கொண்ட கிளார்க் மாவட்டமும் சமம். 1964-இல் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நெறியை மாநில மன்றங்களின் இரு அவைகளுக்கும் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியதும், அந்த ஏற்பாடு சரிந்தது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் சுமார் 8 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேல் கிளார்க் மாவட்டத்தில். எல்கோ மாவட்டம் பரப்பில் 17,000 சதுர மைலைத் தாண்டியது. மக்களோ ஏறத்தாழ 17,000 பேர்தான். ஆகவே நகரத்து உறுப்பினர்கள் கைதூக்காமல் ஒரு பண்ணையாளரின் மசோதா நிறைவேற வழியே இல்லை.

அவர்கள் கைதூக்கினார்கள் என்பதே 1979-இன் உண்மையான செய்தி. லாஸ் வேகஸுக்கு மாடு மேய்ச்சலில் அக்கறை இல்லை. ஆனால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த அந்நகரைச் சுற்றிலும் கூட்டாட்சி நிலம் வேலியாக நின்றது. பள்ளி கட்டவும் சாலை போடவும் வீட்டுமனை பிரிக்கவும் பணியகத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நெவாடாவிலும் யூட்டாவிலும் எம்எக்ஸ் அணு ஏவுகணைகளை ஆயிரக்கணக்கான மறைவிடங்களுக்கு இடையே நகர்த்திவைக்கக் கார்ட்டர் அரசு வகுத்த திட்டம் வேறு அதே காலத்தில் வெளிவந்து, இந்த மாநிலத்தை ஆளற்ற வெளியாகவே வாஷிங்டன் பார்க்கிறது என்ற கசப்பை ஆழமாக்கியது. மேய்ச்சல்காரரின் அச்சம், நகர வணிகரின் இடநெருக்கடி, எல்லாருக்கும் பொதுவான சுயமரியாதை ஆகிய மூன்றையும் ரோட்ஸ் ஒரே மசோதாவுக்குள் கொண்டுவந்தார். தேசியப் பூங்காக்கள், ராணுவ நிலங்கள், பழங்குடி ஒதுக்கிடங்கள் ஆகியவற்றைத் தொடாமல், பணியக நிலங்களை மட்டுமே கோரியதும், இருக்கும் பயன்பாட்டு உரிமைகள் தொடரும் என்று உறுதி சொன்னதும் அவரது நிதானத்தைக் காட்டுகின்றன. சட்டமன்ற உறுப்பினராக அவருடைய திறமை மேடைப் பேச்சில் இல்லை. இப்படிக் கூட்டுச்சேர்க்கை அமைப்பதில்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

யூட்டா, நியூ மெக்சிகோ, வயோமிங் ஆகியவை ஒத்த சட்டங்களை இயற்றின. அரிசோனாவில் ஆளுநர் புரூஸ் பேபிட் மசோதாவைத் தடுத்தார். அவரே ஒரு பழைய பண்ணைக் குடும்பத்தின் பிள்ளை. சட்டமன்றம் அந்தத் தடையை மீறி 1980-இல் அதை நிறைவேற்றியது. வாஷிங்டன் மாநிலத்தில் விஷயம் வாக்காளர்களிடம் போய், அவர்கள் மறுத்துவிட்டார்கள். அமெரிக்க செனட்டில் யூட்டாவின் ஆரின் ஹேட்ச் நிலமாற்ற மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது நகரவில்லை. 1980 நவம்பரில் ரேகன் வென்றார். ரேகனின் நெருங்கிய நண்பரும் அவருடைய தேர்தல் பிரசாரத் தலைவருமான பால் லாக்ஸால்ட் நெவாடாவின் முன்னாள் ஆளுநர், ஒரு பாஸ்க் இடையரின் மகன். புதிய உள்துறைச் செயலாளர் ஜேம்ஸ் வாட் தாமும் கிளர்ச்சியின் பக்கம் என்றார். பணியகத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்டவர் ராபர்ட் பர்ஃபர்ட்: கொலராடோவின் மாட்டுப் பண்ணையாளர், அம்மாநிலக் கீழவையின் அவைத் தலைவராக இருந்தவர், தாமே பணியக நிலத்தில் மேய்ச்சல் உரிமம் வைத்திருந்தவர். மேய்ச்சல் அளவுக் குறைப்புகள் மெதுவாயின. 1986-இல் ரேகன் பிறப்பித்த ஆணை பழைய சூத்திரத்தையே நீட்டித்து, அடிமட்டக் கட்டணத்தை ஓர் அலகுக்கு 1.35 டாலர் என்று நிர்ணயித்தது. அண்மை ஆண்டுகளிலும் பலமுறை கட்டணம் அந்த அடிமட்டத்திலேயே நின்றிருக்கிறது. தனியார் நிலத்தில் மேய்க்கக் கொடுக்கும் வாடகை அதைப்போல் பல மடங்கு. வேலி, நீர்த்தொட்டி, மாட்டைக் கொல்லும் விலங்குகளால் இழப்பு என்று பொதுநில மேய்ச்சலில் மறைமுகச் செலவு அதிகம் என்று பண்ணையாளர்கள் பதில் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு இடைவெளியையும் அது நிரப்பாது.

சட்ட வழியில் கிளர்ச்சி எங்கும் போய்ச் சேரவில்லை. 413-ஐக் கொண்டு நெவாடா ஓர் ஏக்கரைக்கூடக் கைப்பற்றவில்லை. புதிய மாநிலங்கள் பழைய மாநிலங்களோடு சம நிலையில்தான் ஒன்றியத்தில் சேர்கின்றன, எனவே அவற்றின் நிலமும் அவற்றுக்கே உரியது என்பது கிளர்ச்சியாளரின் வாதம். அதற்கு எதிரான சான்று நெவாடாவின் சொந்த அரசமைப்பிலேயே இருந்தது: 1864-இல் மாநிலமாகும்போது, ஒதுக்கப்படாத பொதுநிலங்கள் மீதான எல்லா உரிமையையும் என்றென்றைக்கும் கைவிடுவதாக அது எழுதிக்கொடுத்திருந்தது. பாலைநிலங்களைக் குடியேறிகளுக்குத் தராமல் நிறுத்திவைத்ததை எதிர்த்து மாநிலம் தொடுத்திருந்த வேறொரு வழக்கு 1981-இல் தள்ளுபடியானது. 1996-இல் அந்த அரசமைப்புப் பிரிவை நீக்க நெவாடா வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நாடாளுமன்றம் இசைந்தால்தான், அல்லது இசைவு தேவையில்லை என்று சட்டப்படி முடிவானால்தான் அது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு. இதற்கிடையே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நெவாடாப் பண்ணையாளர் ஒருவரின் வழக்கில் 1997-இல் சம நிலை வாதத்தை நேரடியாகவே நிராகரித்தது. 413-இன் பிரிவுகள் இன்றும் மாநிலச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன, செயலற்று.

சட்டத்தைவிடக் கனமான ஒரு தடை பண்ணையாளர்களின் பக்கத்திலேயே இருந்தது. மாநிலத்திடம் நிலம் போனால் மாநிலம் அதை என்ன செய்யும்? இதற்கு நெவாடாவின் வரலாறே பதில். பள்ளிகளுக்கு என்று முதலில் ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு மாற்றாக, எங்கு வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ள 20 லட்சம் ஏக்கர் தரும்படி மாநிலம் கேட்டு, 1880-இல் அதைப் பெற்றது. பிறகு ஏறக்குறைய முழுவதையும் விற்றுவிட்டது. பள்ளிகளுக்காக மாநிலத்திடம் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 3,000 ஏக்கர். வாங்கியவர்கள் நீரூற்றுள்ள இடங்களைத் தேர்ந்தெடுத்த பெரும் பண்ணையாளர்கள். ஆக, இன்று பண்ணைகளின் அடிப்படை நிலமாக இருப்பதில் ஒரு பங்கு, மாநிலம் அன்று கைநழுவவிட்ட பள்ளி நிலமே. இரண்டாவது முறை விற்பனை நடந்தால் வாங்கப்போவது உள்ளூர்க் குடும்பங்கள் அல்ல, சுரங்க நிறுவனங்களும் வெளியூர்ப் பணக்காரர்களும்தான் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 1982-இல் ரேகன் அரசு கூட்டாட்சிச் சொத்துகளை விற்றுக் கடனைக் குறைக்கத் திட்டமிட்டபோது இந்த அச்சம் வெளிப்படையானது. அந்தத் திட்டத்துக்குக் கிளர்ச்சி நடந்த மாநிலங்களிலிருந்தே எதிர்ப்பு வந்தது. குறைந்த கட்டணமும் நெகிழ்வான அதிகாரியும் கிடைத்தபின், நிலக்கிழாரை மாற்றும் ஆர்வம் குத்தகைதாரரிடம் ஆறிப்போனது. கிளர்ச்சி தோற்றது என்று எழுதுபவர்கள் நிலப் பத்திரத்தைப் பார்க்கிறார்கள். மேய்ச்சல் கட்டணத்தையும் அதிகாரி நியமனங்களையும் பார்த்தால், அது கேட்டதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது என்றே சொல்ல வேண்டும்.

ரோட்ஸின் மேலவைக் காலம் இதைப்போல் செய்தித்தாள்களில் வரவில்லை. அதனாலேயே அது முக்கியம். பொதுநிலங்களுக்கான சட்டமன்றக் குழுவிலும் இயற்கை வளக் குழுவிலும் அவர் ஆண்டுக்கணக்கில் தலைமை தாங்கினார். பொதுநிலக் குழு கூட்டத்தொடர் இல்லாத மாதங்களிலும் கூடி, பணியக அதிகாரிகளையும் வனத்துறையினரையும் வரவழைத்துக் கேள்வி கேட்டது. சட்டப்படி அவர்களை ஆட்டிவைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனால் அதிகாரிகள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். கேள்வி கேட்பவர் அதே நாற்காலியில் இருப்பார். எந்தத் திட்ட வரைவு எப்போது கருத்துக்கு வரும், எந்தக் காட்டுத்தீக்குப் பிறகு எத்தனை ஆண்டு மேய்ச்சல் தடை போடப்பட்டது, காட்டுக் குதிரைகளைக் குறைப்பதாகச் சொன்ன இலக்கு என்னவாயிற்று என்பன போன்ற விவரங்களை நினைவில் வைத்திருப்பவருக்கு முன்னால் அதிகாரி தயாராகத்தான் வர வேண்டும்.

அவர் தொகுதியும் கண்ணெதிரே மாறியது. கார்லின் அருகே 1965-இல் தொடங்கிய திறந்தவெளித் தங்கச் சுரங்கம் 1980-களில் பெரும் அலையாகி, எல்கோ மாவட்ட மக்கள்தொகையைப் பத்தே ஆண்டில் ஏறத்தாழ இருமடங்காக்கியது. மாட்டுக்காரரின் தொகுதி சுரங்கத் தொழிலாளரின் தொகுதியானது. 1989-இல் சுரங்க நிகர வருவாய் மீதான வரிக்கு 5 விழுக்காடு என்ற உச்சவரம்பு அரசமைப்பிலேயே ஏறியது. அதே ஆண்டில் 1979-இன் நகர–ஊரகக் கூட்டும் உடையத் தொடங்கியது: கிழக்கு, நடு நெவாடாவின் பள்ளத்தாக்குகளிலிருந்து நிலத்தடி நீரைக் குழாய்வழி கொண்டுவர, லாஸ் வேகஸ் நீர் வாரியம் 146 விண்ணப்பங்களை ஒரே வீச்சில் தாக்கல் செய்தது. வாஷிங்டனிடமிருந்து நிலத்தை மீட்கத் தோள் கொடுத்த நகரமே தண்ணீருக்குக் கை நீட்டியபோது, ஊரக உறுப்பினர்கள் கூட்டாட்சிச் சூழல் சட்டங்களையே கேடயமாகப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழாய்த் திட்டம் 2020-இல்தான் கைவிடப்பட்டது. நகரத்தின் நிலப் பசியை நாடாளுமன்றம் வேறு வழியில் தீர்த்துவைத்திருந்தது: 1998-இன் தென் நெவாடா பொதுநிலச் சட்டப்படி லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கின் பணியக நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்டு, அந்தப் பணத்தில் 5 விழுக்காடு மாநிலக் கல்விக்கும், 10 விழுக்காடு தென் நெவாடா நீர் ஆணையத்துக்கும், மீதி பெரும்பாலும் நெவாடாவுக்குள்ளேயே பாதுகாப்பு, பூங்காப் பணிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. அதன்பின் 413 போன்ற ஒன்றுக்கு லாஸ் வேகஸ் கைதூக்க வேண்டிய காரணம் இல்லாமல் போயிற்று.

வாஷிங்டனுக்கும் நெவாடாவுக்கும் இடையிலான இந்த நிலத் தகராறில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. இரு தரப்பும் அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தே வந்திருக்கின்றன. இந்நிலத்தில் ஒரு பெரிய பங்கு மேற்கு ஷோஷோனி என்ற பழங்குடி மக்களின் பூர்விக நிலம். 1863-இல் ரூபி பள்ளத்தாக்கில் அவர்களோடு அமெரிக்க அரசு செய்துகொண்ட உடன்படிக்கை வழிப்பயணத்துக்கும் சுரங்கத்துக்கும் குடியேற்றத்துக்கும் இடம் கொடுத்ததே தவிர, நிலத்தை ஒப்படைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். கிரெசன்ட் பள்ளத்தாக்கில் மாடும் குதிரையும் வளர்த்த மேரி, கேரி டேன் என்ற ஷோஷோனி சகோதரிகள், இது எங்கள் நிலம், உரிமம் எதற்கு என்று சொல்லி மேய்ச்சல் கட்டணம் கட்ட மறுத்தார்கள். 1974-இல் அரசு அவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. மக்கள் சார்பில் இழப்பீட்டுத் தொகை அரசின் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டுவிட்டது, அதுவே உரிமை முடிந்ததற்குச் சமம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தப் பணத்தை மக்கள் கையால் தொடவில்லை. வாஷிங்டனைவிட நெவாடாவுக்கு உரிமை அதிகம் என்று 1979-இல் சட்டமன்றம் விவாதித்தபோது, உரிமையின் தொடக்கத்தை 1864-இல் வைத்துக்கொண்டது. அந்த ஒரு தேர்வு கிளர்ச்சியின் அறவலிமையை உள்ளிருந்தே குறைத்தது என்று நினைக்கிறேன்.

2000-இல் எல்கோ மாவட்டத்தின் ஜார்பிஜ் ஆற்றோரச் சாலையை வனத்துறை மூடியதை எதிர்த்து மண்வெட்டிகளோடு கூடிய கூட்டமும், 2014-இல் பங்கர்வில்லில் கட்டணம் கட்டாத பண்ணையாளர் ஒருவருக்காகத் துப்பாக்கி ஏந்தி நின்றவர்களும், சேஜ்பிரஷ் கிளர்ச்சியின் வாரிசுகளாகச் சொல்லப்படுவதுண்டு. சினம் ஒன்றுதான், வழி வேறு. ரோட்ஸின் தலைமுறை உரிமத்தை வைத்துக்கொண்டு, கட்டணத்தைக் கட்டிக்கொண்டு, மசோதாவாலும் குழுக் கூட்டத்தாலும் போராடியது. கட்டணம் கட்டும் பண்ணையாளருக்கு அடுத்த நிலத்தில் கட்டாமல் மேய்ப்பவர் தோழர் அல்லர், போட்டியாளர்.

நெவாடா வாக்காளர்கள் 1990-களில் ஏற்ற பன்னிரண்டாண்டு பதவி வரம்பு ரோட்ஸின் மேலவை வாழ்க்கையை 2012-இல் முடித்தது. 2018-இல் அவர் காலமானார். அந்த இடத்துக்கு வந்தவர் யுரேகா மாவட்டத்தின் பண்ணையாளரும் பத்தாண்டு கீழவையில் இருந்தவருமான பீட் கோய்கோசியா. 2013-இல் நெவாடா சட்டமன்றம் நிலமாற்றத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. யூட்டா 1.85 கோடி ஏக்கரைக் கோரி நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு கோடையில் பொதுநிலங்களை விற்க யூட்டா செனட்டர் மைக் லீ முன்வைத்த திட்டத்துக்கு, வேட்டைக்காரர்களும் மேற்கு மாநிலக் குடியரசுக் கட்சியினர் சிலரும் சேர்ந்தே எதிர்ப்புத் தெரிவிக்க, அவர் அதைத் திரும்பப் பெற்றார். பன்னிரண்டு ஆண்டு வரம்புக்குள் ஓர் ஊரக உறுப்பினர் பொதுநிலக் குழுவின் கோப்புகளைப் படித்து முடித்துப் பிடி இறுக்கும்போது வெளியேற வேண்டியிருக்கிறது. எதிரே இருக்கும் பணியகத்துக்கோ சுரங்க நிறுவனங்களுக்கோ அப்படியொரு வரம்பு கிடையாது. ரோட்ஸ் தம் நாற்காலியில் இருந்து ஈட்டிய செல்வாக்கை இனி ஒருவர் ஈட்டுவது கடினம் என்பதற்கு, கட்சியோ கொள்கையோ அல்ல, இந்தக் கணக்கே முதற்காரணம்.